கடைசியாக வருபவர் சொல்வதே சட்டம்

2011 நவம்பர் 11 அன்று வெளியான 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்' விளையாட்டில் ஒயிட்ரன் என்றொரு கோட்டை நகரம் உண்டு. குன்றின்மேல் அடுக்கடுக்காக ஏறும் மரவீடுகள், உச்சியில் டிராகன்ஸ்ரீச் அரண்மனை. தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரம்தான். மதிலை ஒட்டிப் போய் நின்றால், கல்லும் காரையும் ஒன்றோடொன்று கரைந்து சாம்பல் கலங்கலாகத் தெரியும். வரைந்த ஓவியர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த விளையாட்டு எக்ஸ்பாக்ஸ் 360 கருவியிலும் ஓட வேண்டியிருந்தது. அதன் மொத்த நினைவகம் 512 மெகாபைட். ஊர், மனிதர்கள், வானம், ஓசை எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். மதிலுக்குக் கிடைத்தது மிச்சம் மீதி.

2012 பிப்ரவரியில் பெதெஸ்டா நிறுவனம் கணினியில் விளையாடுவோருக்கு ஒரே நாளில் இரண்டு பொருட்களை இலவசமாகத் தந்தது. ஒன்று, கூர்மையான படங்கள் கொண்ட டெக்ஸ்சர் தொகுப்பு. மற்றொன்று கிரியேஷன் கிட்: விளையாட்டை உருவாக்கியவர்கள் பயன்படுத்திய கருவியையே வெளியாரும் எடுத்தாள வழிசெய்த மென்பொருள். அதன் பிறகு ஸ்கைரிம் என்ற அந்த மலைநாடு அதை உருவாக்கியவர்களின் கையில் மட்டும் இருக்கவில்லை. இன்று நெக்ஸஸ் மாட்ஸ் தளத்தில் ஸ்கைரிமுக்கென்றே பல்லாயிரம் மாட்கள், அதாவது விளையாடுவோரே செய்த மாற்றங்கள், குவிந்து கிடக்கின்றன. ஒருவர் பாறையைத் திருத்துகிறார், இன்னொருவர் மழையை, மூன்றாமவர் புதிய கண்டத்தையே கொண்டுவந்து சேர்க்கிறார். இவர்களில் பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். அவர்கள் செய்ததில் ஐந்நூறை ஒரே கணினியில் ஏற்றினாலும் அந்த உலகம் உடையாமல் ஓடுகிறது. அது எப்படி முடிகிறது என்பது விளையாட்டில் நாட்டம் இல்லாதவருக்கும் வியப்பளிக்கக்கூடிய செய்தி.

முதலில் மதிலுக்கு வருவோம். முப்பரிமாண உலகில் சுவர் என்பது ஒரு வெறும் தட்டை. அதன்மேல் ஒட்டப்படும் படம்தான் டெக்ஸ்சர். பக்கத்துக்கு 4096 பிக்சல் கொண்ட சதுரப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டால், மொத்தம் 1 கோடியே 67 லட்சம் பிக்சல்களுக்கு மேல். சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு என்று ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட் வீதம் 64 மெகாபைட் ஆகிறது. எட்டே படங்களில் எக்ஸ்பாக்ஸ் 360இன் நினைவகம் முழுவதும் தீர்ந்துவிடும். படத்தைச் சுருக்கத்தான் வேண்டும். ஆனால் நம் கைபேசிப் புகைப்படங்களைச் சுருக்கும் ஜேபெக் முறை இங்கே உதவாது. ஜேபெக்கில் நடுவிலுள்ள ஒரு பிக்சலின் நிறம் தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தையவற்றையும் அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கோ, எந்த மூலையிலுள்ள எந்தப் பிக்சலும் கேட்ட மாத்திரத்தில் கிடைக்க வேண்டும், நொடிக்குக் கோடிக்கணக்கான முறை.

1990களின் இறுதியில் எஸ்3 என்ற நிறுவனம் இதற்கு ஓர் அழகான விடை கண்டது. படத்தை 4க்கு 4 என்று 16 பிக்சல் கொண்ட குட்டிக் கட்டங்களாகப் பிரித்துவிடுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே இரண்டு நிறங்கள் எழுதி வைக்கப்படும். அந்த இரண்டுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கிலும் மூன்றில் இரண்டு பங்கிலும் அமையும் நிறங்களைக் கார்டே கணக்கிட்டுக்கொள்ளும். ஆக, நான்கு நிறங்கள். 16 பிக்சல்களும் இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஆளுக்கு 2 பிட் போதும். 64 பைட் பிடித்த இடம் 8 பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. எல்லாக் கட்டமும் ஒரே அளவு என்பதால், வேண்டிய பிக்சல் எங்கே இருக்கிறது என்பதைப் பெருக்கலும் கூட்டலும் கொண்டே கண்டுபிடிக்கலாம். 64 மெகாபைட் படம் 8 மெகாபைட் ஆகிறது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் இந்த யோசனையும் அதன் வாரிசுகளும்தான் விளையாட்டு உலகங்களைத் தாங்கி நிற்கின்றன. டெக்ஸ்சர் மாட்களைத் தரவிறக்கும்போது தென்படும் டிடிஎஸ் கோப்புகளுக்குள் இருப்பது இதுவே.

அந்தக் கோப்புக்குள் இன்னொன்றும் இருக்கிறது. நூறடி தள்ளி நிற்கும் சுவர் திரையில் சில பிக்சல் அகலமே பிடிக்கும். அங்கே பெரிய படத்தை அப்படியே பயன்படுத்தினால், நாம் அசையும்போதெல்லாம் அந்தச் சுவர் மினுமினுத்துக் கண்ணை உறுத்தும். ஆகவே அதே படத்தின் பாதி அளவுப் பிரதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று ஒற்றைப் பிக்சல் வரை முன்கூட்டியே செய்து உடன் வைத்துவிடுகிறார்கள். 1983இல் லான்ஸ் வில்லியம்ஸ் விளக்கிய இந்த முறைக்கு மிப்மேப் என்று பெயர். ஒவ்வொரு பிரதியும் முந்தையதில் கால்வாசி இடம் பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு பிரதிகளையும் கூட்டினால் எவ்வளவு கூடுதல் இடம் தேவைப்படும்? மூலப் படத்தில் மூன்றில் ஒரு பங்குதான். கால், அதில் கால், அதிலும் கால் என்று முடிவின்றிக் கூட்டினால் மூன்றில் ஒன்று வரும் என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆர்க்கிமிடீஸ் பரவளையத்தின் பரப்பைக் காணும்போது நிறுவிவிட்டார்.

டெக்ஸ்சர் தொகுப்பைத் திறந்து பார்த்தவர்கள் நீலமும் ஊதாவும் கலந்த விசித்திரப் படங்களைக் கண்டிருப்பார்கள். அவற்றில் நிறம் எதுவும் சேமிக்கப்படவில்லை, திசைகள் சேமிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பிக்சலின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளும் அந்தப் புள்ளியில் பரப்பு எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது என்பதைச் சொல்லும் மூன்று எண்கள். நேராக வெளியே பார்க்கும் தட்டைப் பரப்புக்கு 128, 128, 255 என்று வரும். அதுதான் அந்த நீலச் சாயல். தீப்பந்தத்தோடு நாம் நடக்கும்போது கார்டு இந்தத் திசைகளைப் பார்த்து ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது. தட்டையான சுவரில் உளிபட்ட தழும்புகள் எழுந்து நிற்கின்றன. மேடுபள்ளம் எதையும் செதுக்காமல் ஒளியை மட்டும் ஏமாற்றலாம் என்று 1978இல் ஜிம் பிளின் காட்டிய வழியின் தொடர்ச்சி இது.

மாட் நிறுவுவோரின் முதல் தலைவலியும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு தொகுப்பு சுவரின் நிறப்படத்தை மட்டும் மாற்றிவிட்டு, திசைப்படத்தைப் பழையபடியே விட்டுவிட்டால், கற்கள் ஓரிடத்திலும் அவற்றின் நிழல்கள் வேறோர் இடத்திலுமாக விழும். சுவரில் ஏதோ சரியில்லை என்று கண் சொல்லும். எது என்று சொல்லத் தெரியாது. ஒரே தொகுப்பிலிருந்து இரண்டையும் எடுப்பதே நல்லது.

டெக்ஸ்சர் எப்படி மாறுகிறது என்பதில் மர்மம் இல்லை. ஸ்கைரிமின் மூலப் படங்கள் பெரிய காப்பகக் கோப்புகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. டேட்டா என்ற ஃபோல்டருக்குள் அதே பாதையில் அதே பெயரில் ஒரு தனிக் கோப்பு இருந்தால், விளையாட்டு காப்பகத்தை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளும். மூலம் கெடுவதில்லை. கெடுவது அதற்கடுத்த படியில்தான். இரண்டு மாட்கள் ஒரே பெயரில் கோப்பு கொண்டுவந்தால், இரண்டாவது முதலாவதன் தலையில் எழுதிவிடும். பிறகு இரண்டாவதை நீக்கினால் முதலாவது திரும்பி வராது. ஆரம்ப காலத்தில் பலர் மாதக்கணக்கில் அடுக்கியதை இப்படித்தான் குழப்பிக்கொண்டு, விளையாட்டையே அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள்.

மாட் ஆர்கனைசர் என்ற மேலாண்மைக் கருவி இதைத் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அது ஒவ்வொரு மாட்டையும் தனித்தனி ஃபோல்டரில் வைக்கிறது. டேட்டா ஃபோல்டரைத் தொடுவதே இல்லை. நாம் விளையாட்டைத் தொடங்கும் கணத்தில், கோப்புகளைக் கேட்டு விளையாட்டு விண்டோஸிடம் விடுக்கும் கோரிக்கைகளை இந்தக் கருவி நடுவில் மறித்து, எல்லா ஃபோல்டர்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தப்பட்டதுபோல ஒரு கற்பனைத் தோற்றத்தைக் காட்டுகிறது. இருக்கும் எல்லாக் கோப்புகளும் ஒரே இடத்தில் உள்ளதாகவே விளையாட்டு நம்புகிறது. மூடியதும் தோற்றம் மறைந்துவிடும். எந்த மாட் மேலே, எது கீழே என்பதைப் பட்டியலில் இழுத்து மாற்றினால் போதும். வோர்ட்டெக்ஸ் என்ற இன்னொரு கருவி, ஒரே கோப்பை இரண்டு இடங்களில் இருப்பதாகக் காட்டும் ஹார்டு லிங்க் வசதியைக் கொண்டு இதே பலனை வேறு வழியில் அடைகிறது.

படங்களோடு போனால் கதை எளிது. ஒரு வாளின் எடையையோ ஒரு விடுதியின் விளக்கையோ ஓர் ஊர்க்காரரின் முகத்தையோ மாற்ற வேண்டுமென்றால், அவற்றைப் பற்றிய பதிவுகளைத் தாங்கும் பிளகின் கோப்பு தேவை. அந்த உலகிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்க எண் ஒன்று உண்டு. பதினாறு அடிமான எண் என்பதால் 9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் வரும். நாம் விளையாடும் நாயகனின் எண் 00000014. முதல் இரண்டு இலக்கங்கள், அந்தப் பொருள் எந்தப் பிளகினில் பிறந்தது என்பதைச் சொல்கின்றன. வண்டியின் எண் பலகையில் ஆர்டிஓ அலுவலகக் குறியீடு முன்னே வருவதைப்போல. மூல விளையாட்டுக்கு 00. அதன் விரிவாக்கங்கள் அடுத்தடுத்த எண்கள். பிறகு நம் மாட்கள்.

அந்த இரண்டு இலக்கங்களை மாட் செய்தவர் எப்படி முன்கூட்டியே அறிவார்? அவர் செய்த மாட் உங்கள் கணினியில் 40ஆவதாக ஏறலாம், என் கணினியில் 90ஆவதாக ஏறலாம். அவர் அறிய வேண்டியதில்லை. அவருடைய கோப்பின் தலைப்பில், தான் சார்ந்திருக்கும் பிளகின்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் இருக்கும். கோப்புக்குள்ளே உள்ள எண்களெல்லாம் அந்தப் பட்டியலின் வரிசையைச் சுட்டுபவை. விளையாட்டு தொடங்கும்போது, இந்தக் கணினியில் யார் எத்தனையாவது என்று பார்த்து, லட்சக்கணக்கான எண்களின் தலையை ஒரே மூச்சில் மாற்றி எழுதிக்கொள்கிறது. முன்பின் அறியாதவர்களின் படைப்புகள் எண் மோதாமல் பக்கத்தில் பக்கத்தில் வாழ்வது இந்த ஏற்பாட்டால்தான்.

இரண்டு பதினாறடிமான இலக்கங்களில் 256 இடங்களே உண்டு. எஃப்எஃப் என்பது விளையாடும்போது புதிதாக உருவாகும் பொருட்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2016இல் வந்த ஸ்கைரிமின் ஸ்பெஷல் எடிஷன் பதிப்புக்கு மறு ஆண்டே லைட் பிளகின் வசதி சேர்ந்தது. எஃப்இ என்ற ஒரே இடத்தை 4096 சிறு அறைகளாகத் தடுத்து, சின்னச் சின்ன மாட்களை அங்கே குடிவைத்தார்கள். முழுப் பிளகின்களுக்கு 254 இடம், சிறியவற்றுக்கு இடப் பஞ்சமே இல்லை.

புதிய பொருட்களைச் சேர்ப்பதில் சண்டை வராது. ஏற்கெனவே இருப்பதை இருவர் மாற்றும்போதுதான் வரும். அதற்கு விதி ஒன்றே: கடைசியாக ஏறும் பிளகின் சொல்வதே செல்லும். இதில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. மாற்றப்படுவது ஒரு வரி அல்ல. அந்தப் பொருளைப் பற்றிய முழுப் பதிவு. முதல் மாட் ஒரு விடுதியின் விளக்கொளியை மங்கலாக்குகிறது. இரண்டாவது மாட் அதே விடுதியின் இசையை மட்டும் மாற்றுகிறது. இரண்டாவது தன் பதிவில் பழைய விளக்கொளியையும் சேர்த்தே சுமந்து வருவதால், முதலாமவரின் உழைப்பு சத்தமின்றிக் காணாமல் போகிறது. பிழைச் செய்தி வராது; விளையாட்டும் நிற்காது.

மிக விநோதமான விளைவு முகங்களில் தெரியும். ஸ்கைரிம் மனிதர்களின் முகவடிவம் ஒரு கோப்பிலும் தோல்நிறச் சாயல் வேறொரு கோப்பிலுமாக முன்கூட்டியே தயாரிக்கப்பட்டு, அந்த ஆளின் எண்ணையே பெயராகத் தாங்கியிருக்கும். அவரைப் பற்றிய பதிவோ பிளகினுக்குள் இருக்கும். கோப்புகளின் வரிசை ஒன்று, பிளகின்களின் வரிசை வேறொன்று. முகக் கோப்பு ஒரு மாட்டிலிருந்தும் பதிவு இன்னொன்றிலிருந்தும் வந்து இரண்டும் பொருந்தாமல் போனால், உடல் ஒரு நிறமும் முகம் கருத்த சாம்பலுமாக அந்த ஆள் நம் முன் வந்து நிற்பார். புதியவர்கள் இதைக் கண்டு மிரண்டு எல்லாவற்றையும் அழிப்பதுண்டு. இரண்டு பட்டியல்களிலும் ஒரே மாட் வெல்லும்படி வைத்தால் போதும், முகம் தெளிந்துவிடும்.

பிளகின்களின் வரிசையை அமைக்க லூட் என்ற கருவி உதவுகிறது. எது எதற்குப் பின்னால் வர வேண்டும் என்று பயனர்கள் சேர்ந்து திரட்டிய விதிகளை வலைப்பின்னலாகக் கட்டி, எந்த விதியும் முறியாத வரிசையைக் கணக்கிட்டுத் தரும். ஆனால் வரிசையால் மட்டும் தீராத மோதல்கள் உண்டு. மங்கல் விளக்கும் வேண்டும், புதிய இசையும் வேண்டும் என்றால் இரண்டையும் கொண்ட மூன்றாவது பதிவை யாராவது எழுதியாக வேண்டும். எக்ஸ்எடிட் என்ற கருவி ஒரு பொருளைப் பற்றி எல்லா மாட்களும் சொல்வதைப் பத்தி பத்தியாக அடுக்கி, மோதும் இடங்களை நிறமிட்டுக் காட்டும். தேவையானதை இழுத்து விட்டு, பேட்ச் எனப்படும் இணைப்புப் பிளகின் ஒன்றைச் செய்துகொள்ளலாம். இரண்டு அந்நியர்களின் படைப்புகளைச் சமாதானப்படுத்துவதற்காகவே மூன்றாவது ஆள் இரவு விழித்துச் செய்த பேட்ச்கள் எண்ணற்றவை. புதிய நிலப்பரப்பு செய்தவருக்குக் கிடைக்கும் புகழ் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டும்.

மூலத்தைத் தொடாத இந்த ஒழுங்குக்கு விதிவிலக்கு எஸ்கேஎஸ்இ. விளையாட்டு ஓடும்போதே நினைவகத்தில் அதன் உட்புற முகவரிகளைப் பிடித்துப் புதிய ஆற்றல்களைச் சேர்க்கும் நிரல் இது. 2021 நவம்பர் 11 அன்று பத்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது அந்த முகவரிகள் இடம்பெயர்ந்தன; எஸ்கேஎஸ்இயை நம்பியிருந்த மாட்கள் ஒட்டுமொத்தமாக நின்றுபோயின. மாட் வைத்திருப்பவர்கள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு.

கடைசியாக, சேவ் கோப்பு. அதில் நாயகன் நிற்கும் இடமும் பையிலுள்ள பொருட்களும் மட்டும் இல்லை. எந்தெந்தப் பிளகின்கள் இருந்தன, எந்த மாட்டின் ஸ்கிரிப்ட் என்னும் குறுநிரல் எந்தக் கட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் பதிவாகிறது. பாதிவழியில் ஒரு மாட்டை நீக்கினால், சேவ் கோப்பு இல்லாத ஒன்றை நினைவில் சுமந்துகொண்டே இருக்கும். கோளாறு உடனே தெரியாமல் பல மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு எங்கோ ஓரிடத்தில் வெளிப்படும். படங்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்கிரிப்ட் உள்ள மாட்களை மட்டும் நடுவில் பிடுங்கக் கூடாது. மாட் ஆர்கனைசரில் புரொஃபைல் என்ற வசதி இருப்பது இதற்காகத்தான். பழைய பயணத்தை அதன் பட்டியலோடு அப்படியே ஒரு புரொஃபைலில் விட்டுவிட்டு, புதிய மாட்களை வேறொரு புரொஃபைலில் ஒவ்வொன்றாக ஏற்றிச் சோதித்து, புதிய நாயகனோடு தொடங்குவதே அனுபவசாலிகள் செய்வது.