குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: ‘ட்ரிப்ஸ்’ ஏற்றாமலே நீரிழப்பை ஈடுசெய்யும் வழிகள் என்னென்ன?

குண்டலுபேட்டை: வயிற்றுப்போக்கால் சோர்ந்துபோன குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோரில் பலர், ‘ட்ரிப்ஸ்’ ஏற்றினால்தான் சிகிச்சை முழுமை பெறும் என்று நம்புகின்றனர். ஆனால், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஊசி தேவையில்லை என்பதும், வாய்வழியாகத் தரப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசலே போதுமானது என்பதும் மருத்துவ உலகில் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மைகளாகும்.

1997-ஆம் ஆண்டு வரை மைசூரு மாவட்டத்தில் இருந்து, தற்போது சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள குண்டலுபேட்டை போன்ற வட்டங்களில் இந்த உண்மைக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. ஊட்டிக்கும் கோழிக்கோட்டுக்கும் செல்லும் சாலைகள் பிரியும் இந்த ஊரிலிருந்து மைசூரு ஏறக்குறைய 60 கி.மீ. தொலைவில் உள்ளது. பந்திப்பூர் வனத்தை ஒட்டிய சிற்றூர்களில் வசிப்போர் பெரிய மருத்துவமனையை அடைய மேலும் நேரமாகும். கடும் நீரிழப்பு ஒரு குழந்தையின் உயிரைச் சில மணி நேரங்களிலேயே பறித்துவிடக்கூடும் என்பதால், பயணத்திற்கு முன்பும் பயணத்தின்போதும் என்ன கொடுக்கப்படுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

கர்நாடகத்தில் நடந்த ஆய்வு

ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 4.4 லட்சம் குழந்தைகள் உலகெங்கும் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் உயிரிழப்பதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. இந்தியாவில் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளில் 60.6 சதவீதத்தினருக்கே ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. துத்தநாகம் (ஜிங்க்) பெற்றவர்கள் 30.5 சதவீதம் மட்டுமே.

விலை மலிவான இம்மருந்து ஏன் பரிந்துரைக்கப்படுவதில்லை என்பதை அறிய, கர்நாடகம், பீகார் ஆகிய மாநிலங்களின் 253 நகரங்களில் 2,000-க்கும் மேற்பட்ட தனியார் சிகிச்சையாளர்களிடம் ஆய்வு நடத்தப்பட்டது. 2 வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று கூறி, பயிற்சி பெற்றவர்கள் தந்தையரைப் போல அவர்களிடம் சென்றனர். 2024 பிப்ரவரியில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான முடிவுகளின்படி, ஓ.ஆர்.எஸ். இருப்பு இல்லாமையோ பண ஆதாயமோ முதன்மைக் காரணம் அல்ல. ‘நோயாளிகள் இதை விரும்புவதில்லை’ என்ற சிகிச்சையாளர்களின் எண்ணமே குறைவான பரிந்துரைக்கு 42 சதவீதக் காரணமாக இருந்தது. ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று வந்தவர் வெளிப்படையாகத் தெரிவித்தபோது, பரிந்துரை 27 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது.

எவ்வாறு செயல்படுகிறது?

வயிற்றுப்போக்கின்போது குடல் வெறும் நீரைச் சரிவர உறிஞ்சுவதில்லை. எனினும், குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து குடற்சுவரைக் கடக்கும் வழி பெரும்பாலும் பாதிக்கப்படாமல் இருக்கும். அவை செல்லும்போது நீரும் உடன் இழுக்கப்படுகிறது. எனவே, உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் இருப்பது கட்டாயம். உலக சுகாதார அமைப்பின் தற்போதைய சூத்திரப்படி, 1 லிட்டர் நீரில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என மொத்தம் 20.5 கிராம் கலக்கப்பட வேண்டும்.

இம்முறையின் ஆற்றலை 1971-இல் உலகுக்குக் காட்டியவர் கொல்கத்தா மருத்துவர் திலீப் மகலனோபிஸ். வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, மேற்கு வங்கத்தின் பன்கானில் ஊசிவழித் திரவம் தீர்ந்துபோனது. அவர் இக்கரைசலைக் குடும்பத்தினர் வழியாகவே கொடுக்கச் செய்து, இறப்பு விகிதத்தை வெகுவாகக் குறைத்தார். 2022-இல் காலமான அவருக்கு 2023-ஆம் ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பாக்கெட் கிடைக்காதபோது

ஓ.ஆர்.எஸ். உடனடியாகக் கிடைக்காத நிலையில், 1 லிட்டர் தூய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கரைத்துக் கொடுக்கலாம். கரண்டியைத் தலைதட்டி அளப்பது அவசியம். உப்பு கூடினால் ஆபத்து. உப்பிட்ட அரிசிக் கஞ்சி, உப்பிட்ட மோர் ஆகியவை நீரிழப்பு ஏற்படாமல் தடுக்க உதவும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால், அதை ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு முழு மாற்றாகக் கருத முடியாது. குளிர்பானம், பெட்டிப் பழச்சாறு ஆகியவற்றிலுள்ள மிகுதியான சர்க்கரை வயிற்றுப்போக்கை மோசமாக்கக்கூடும்.

இக்காரணத்தாலேயே, உரிய சூத்திரத்திற்கு உட்படாத பானங்களின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற சொல்லைப் பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் தடை விதித்தது.

எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஒவ்வொரு முறை பேதியான பின்பும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மி.லி. கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டியால் சிறிது சிறிதாகத் தொடரலாம். நீரிழப்பு அறிகுறிகள் தென்பட்டால், சுகாதார நிலையத்தின் மேற்பார்வையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 75 மி.லி. வீதம் 4 மணி நேரத்தில் தரப்படும். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 750 மி.லி. ஆகும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. 6 மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மி.கி., 2 முதல் 6 மாதக் குழந்தைக்கு 10 மி.கி. என்ற அளவில் துத்தநாகம் 14 நாட்கள் தரப்படுகிறது. கரைத்த கரைசலை 24 மணி நேரத்திற்குப் பின் பயன்படுத்தக் கூடாது.

குடிக்க முடியாத குழந்தைக்கு

கடும் நீரிழப்பு உள்ள குழந்தைக்கு இரத்தநாளம் வழியாகத் திரவம் ஏற்றுவதே முதன்மைச் சிகிச்சை. அவ்வசதி அருகில் இல்லையெனில், மூக்கு வழியாக இரைப்பைக்குச் செலுத்தப்படும் மெல்லிய குழாய் மூலம் ஓ.ஆர்.எஸ். கொடுக்க உலக சுகாதார அமைப்பு வழிகாட்டுகிறது. கிலோவுக்கு மணிக்கு 20 மி.லி. வீதம் 6 மணி நேரம் இது தொடரும். நீரிழப்பால் இரத்தநாளங்கள் சுருங்கி ஊசி ஏற்ற இயலாதபோது, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் மஜ்ஜைக்குள் ஊசி செலுத்தித் திரவம் ஏற்றும் முறையும் உண்டு. இவ்விரண்டையும் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே மேற்கொள்ள வேண்டும். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைக்கு வேகமாகத் திரவம் ஏற்றுவது இதயத்திற்குச் சுமையாகலாம் என்பதால், கூடுதல் கவனம் தேவை.

வாய்வழி முறையையும் ஊசி முறையையும் ஒப்பிட்டு 2006-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, வாய்வழியாகத் திரவம் பெறும் 25 குழந்தைகளில் ஒருவருக்கு மட்டுமே பின்னர் ஊசி தேவைப்படும் என்று கணித்தது.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

குழந்தை மயக்கநிலையில் இருத்தல், குடிக்க இயலாமை, கண்கள் குழிவிழுதல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மிக மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்புதல், மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தையால் குடிக்க முடிந்தால், வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே செல்ல வேண்டும். பந்திப்பூர் வனச்சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை இருந்தாலும், ஆம்புலன்ஸ்களுக்கு அத்தடையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளும் துத்தநாக மாத்திரைகளும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஆஷா பணியாளர்களிடமும் இலவசமாக வழங்கப்படுகின்றன. தனியார் மருத்துவரை நாடும் பெற்றோரும், குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். தரலாமா என்று தாங்களே கேட்பது நல்லது. அந்த ஒரு கேள்வி மருந்துச் சீட்டையே மாற்றக்கூடும் என்பதைக் கர்நாடகத்தில் நடந்த ஆய்வு உணர்த்துகிறது.