உங்கள் காரின் நெற்றிக்கண்ணைப் பார்த்திருக்கிறீர்களா?

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் புதிதாக வாங்கிய எஸ்.யூ.வி. ஏதாவது நின்றால், அதன் முன்கண்ணாடியை வெளியிலிருந்து ஒருமுறை உற்றுப் பாருங்கள். ரியர்வியூ மிரருக்குப் பின்னால் கறுப்புப் பட்டை அடித்த இடத்தில் சின்ன ஜன்னல் ஒன்று விட்டிருப்பார்கள். அதற்குள் விரல் நுனியால் மூடிவிடக்கூடிய ஒரு லென்ஸ். அதுதான் காரின் நெற்றிக்கண்! ஷோரூமில் 'ஏடாஸ் இருக்கு சார்' என்று சொல்லி ஒன்றிரண்டு லட்சம் கூடுதலாகச் சொல்கிறார்களே, அந்த ஓட்டுநர் உதவி அமைப்பின் பாதி வித்தை இந்தக் கண்ணுக்குள் இருக்கிறது.

அந்தக் கண் விநாடிக்கு 30 படம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். ஆகவே ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கார் முக்கால் மீட்டர்தான் நகர்ந்திருக்கும். அதற்குள் படத்தில் கோடு எங்கே, பைக் எது, குறுக்கே நடப்பவர் எவர் என்று பிரித்தாக வேண்டும்!

இதைவிட ஆச்சரியம் ஒன்று தெரியுமா? தூரத்தை அளக்க இரண்டு கண் வேண்டும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஒற்றைக் கேமரா எப்படி அளக்கிறது? முன்னால் போகும் வண்டியின் டயர் ரோட்டைத் தொடும் இடத்தைப் பார்க்கிறது. படத்தில் அந்த இடம் கீழே இருந்தால் வண்டி பக்கத்தில். மேலே போகப் போக வண்டி தூரத்தில். கேமரா எவ்வளவு உயரத்தில், எந்தக் கோணத்தில் மாட்டியிருக்கிறது என்பது தெரிந்தால், மிச்சம் ஜியோமிதி. இந்த ஒற்றைக் கண் வித்தையை நம்பித்தான் அம்னான் ஷாஷுவா என்ற பேராசிரியர் 1999-ல் ஜெருசலேமில் மொபைல்ஐ நிறுவனத்தைத் தொடங்கினார். 2017-ல் இன்டெல் அதை வாங்கிய விலை 1,530 கோடி டாலர்!

ஆனால் அவருக்கும் முன்னோடி உண்டு. 1980-களிலேயே ஜெர்மானியப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் டிக்மான்ஸ் ஒரு மெர்சிடிஸ் வேனுக்குள் கேமராக்களையும் பெரிய பெரிய கணினிகளையும் ஏற்றி, 1987-ல் வாகனம் இல்லாத நெடுஞ்சாலையில் மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் அதைத் தானாக ஓடவிட்டார். அன்று ஒரு வேன் நிறைய இருந்த கணினி இன்று நகத்தளவு சிப்!

சரி, மழையோ பனிமூட்டமோ எதிர்வெயிலோ வந்தால் கண் என்ன செய்யும்? காலையில் புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், கந்தர்வகோட்டை வரை சூரியன் முகத்திலேயே அடிக்கும். நமக்குக் கூசுவது கேமராவுக்கும் கூசும். அந்த நேரத்தில் கைகொடுப்பது ரேடார். பல கார்களில் கம்பெனி சின்னத்துக்குப் பின்னாலோ முன் பம்பருக்குள்ளோ ஒளிந்திருக்கும். அது அனுப்பும் அலை 77 கிகாஹெர்ட்ஸ். அலையின் நீளம் நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. 100 மீட்டர் முன்னால் போகும் லாரியில் பட்டு அது திரும்பி வர, ஒரு விநாடியைப் பத்து லட்சமாக வெட்டினால் அதில் ஒரு துண்டு நேரம்கூட ஆகாது! வந்த எதிரொலியின் அதிர்வெண் மாறியிருப்பதை வைத்து லாரியின் வேகத்தையும் கையோடு சொல்லிவிடும். நடப்பவரின் கை கால் வீச்சுகூட அந்த எதிரொலியில் தனி அடையாளம் விடுகிறது.

இந்த மில்லிமீட்டர் அலையை உலகில் முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி ஆராய்ந்தவர்களில் ஒருவர் யார்? நம் ஜகதீஷ் சந்திர போஸ்! 1890-களில், கல்கத்தாவில், 5 மில்லிமீட்டர் அலைவரை போனார் மனிதர். ஐன்ஸ்டீன் சார்பியலை எழுதும் முன்பு, ரேடார் என்ற பெயரே பிறக்கும் முன்பு!

கண் பார்த்தது, ரேடார் கேட்டது. இரண்டும் செய்தியைச் சொல்ல வேண்டாமா? அதற்கு இரண்டே இரண்டு முறுக்கிய கம்பிகள். கேன் பஸ் என்பார்கள். போஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகம் செய்தது. பிரேக், ஸ்டியரிங், இன்ஜின் என்று ஆளுக்கொரு சின்னக் கணினி இதில் தொங்குகிறது. இரண்டு கணினி ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால்? ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண் உண்டு. சிறிய எண் கொண்ட செய்தி போகும், மற்றது தானாக ஒதுங்கிக் காத்திருக்கும். ஒரு எழுத்துகூட வீணாவதில்லை! சுமார் நாற்பது வருஷம் ஆயிற்று, இன்றும் பெரும்பாலான கார்களில் இதுதான் ஓடுகிறது. எனக்கு இந்த அமைப்பிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பிரேக்கை அழுத்துவது யார் என்று நினைக்கிறீர்கள்? புதிதாக ஒரு இயந்திரக் கால் எதுவும் இல்லை. வண்டி சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி. அமைப்பின் பம்பே, நம் கால் படாமல் பிரேக் ஆயிலுக்கு அழுத்தம் கொடுத்துவிடுகிறது. ஸ்டியரிங்கைத் திருப்புவதும் பவர் ஸ்டியரிங்கில் ஏற்கெனவே இருக்கும் மோட்டார்தான். இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் சிப் தப்புக் கணக்குப் போட்டால்? அதற்கும் வழி உண்டு: ஒரே கணக்கை ஒரே நேரத்தில் இரண்டு மூளைகள் போடுகின்றன. விடை ஒத்துப்போகவில்லையா, அமைப்பு ஒதுங்கிக்கொண்டு உங்களுக்கு எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும்.

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடப்பதில்லை. 2021-ல் வந்த மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.700 செங்கல்பட்டு அருகே மஹிந்திரா ரிசர்ச் வேலியில் உருவானது. ஏடாஸ் உள்ள ஹூண்டாய் கிரெட்டா ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் தயாராகி வருகிறது. தமிழ்நாட்டு மண்!

ஆனால் நம் மாவட்டத்து ரோடு இந்த மூளைக்கு ஒரு கடுமையான பரீட்சை. விராலிமலைப் பக்கம் நான்கு வழிச்சாலையில் மயில் குறுக்கே வரும். ஆடு மாடு எங்கும் வரும். வண்டியோடு தரும் கையேட்டைப் புரட்டுங்கள்: விலங்குகளைக் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று பல கம்பெனிகள் எழுதியே வைத்திருக்கின்றன. இரவில் ரோட்டுக் கோடு மின்னுவது பெயின்ட்டில் தூவியிருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகளால்தான். அவை தேய்ந்தால் கோடு மங்கும், கேமரா தடுமாறும். அறந்தாங்கிப் பக்கம் அறுவடை நேரத்தில் கோட்டின் மேலேயே நெல் காயும். அங்கே கோட்டை எங்கே தேடுவது? இப்போது இங்கே விற்கும் இத்தகைய கார்களும் தானோட்டத்தில் இரண்டாம் நிலைக்கு மேல் போகவில்லை. அப்படியென்றால் ஓட்டுநர் நீங்கள்தான், பொறுப்பும் உங்களுடையதே.

புது வண்டிக்குப் பூஜை போடுகிறீர்களா, தாராளமாகப் போடுங்கள். சந்தனத்தை மட்டும் சின்னத்தின் மேல் அப்பாமல் பானெட்டில் வையுங்கள். ஈரமும் சேறும் ரேடார் அலையை விழுங்கும். எலுமிச்சை மிளகாயை ரேடாருக்கு நேரே தொங்கவிடாதீர்கள். கேமராவுக்கு முன்னால் பொட்டோ ஸ்டிக்கரோ வேண்டாம். இரும்பு பம்பர் கார்டு மாட்டவே மாட்டாதீர்கள். மத்திய அரசு 2017-லேயே அதற்குத் தடை போட்டாயிற்று. கல் பட்டு முன்கண்ணாடி மாற்ற நேர்ந்தால், கண்ணாடி போட்டதோடு வண்டியை எடுத்து வந்துவிடாமல், 'கேமரா காலிபரேஷன் பண்ணியாச்சா?' என்று கேளுங்கள். லென்ஸ் ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் 100 மீட்டர் தள்ளி இருக்கும் வண்டி ஒன்றே முக்கால் மீட்டர் விலகித் தெரியும். பக்கத்து லேனில் போகிறவரை உங்கள் லேனில் போகிறவராக அது எண்ணிவிடும்.