இரு நகரங்களும் ஒரு வழியும்

ஒரு வழி நல்ல வழிதானா என்று கேட்டால், அதில் நாள்தோறும் நடந்து பழகியவர் தயங்காமல் ஆம் என்பார். ஆனால் அவ்வழி அவருக்கு மட்டும் உரியதன்று. சக்கர நாற்காலியில் செல்பவர், ஊன்றுகோலின் துணையால் நடக்கும் முதியவர், கண்பார்வை குன்றியவர், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாய் ஆகிய எல்லோரும் அதிற் செல்ல வேண்டியவரே. இவர்களுக்கு ஏற்றதா என ஒரு வழியை மதிப்பிடுவது எங்ஙனம்? இங்கிலாந்தின் மேற்கிலுள்ள பிரிஸ்டல், பாத் என்னும் இரு நகரங்களை இணைக்கும் பாதை இதற்குத் தக்க உதாரணமாகும்.

இப்பாதையின் நீளம் ஏறத்தாழ 13 மைல். அதாவது 21 கிலோமீற்றர். முன்னர் இங்கு புகையிரதம் ஓடியது. 1966ஆம் ஆண்டிற் பிரயாணிகள் சேவை நின்றுபோயிற்று. பின்னர் 1979 முதல் 1986 வரை தொண்டர்கள் பலர் கூடி, தண்டவாளம் கிடந்த நிலத்தைப் பகுதி பகுதியாகச் செப்பனிட்டு, நடப்போரும் துவிச்சக்கர வண்டியிற் செல்வோரும் சேர்ந்து பயன்படுத்தும் பாதையாக்கினர்.

முதலில் நோக்கவேண்டியது ஏற்றம். இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சில்லுக்குப் பிடிமானம் குறைவு. ஆதலின் செங்குத்தான ஏற்றத்திற் புகையிரதம் பாரத்தை இழுக்கமாட்டாது. இது கருதியே அக்காலப் பொறியியலாளர் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சரிவைக் குறைத்தனர். எஞ்சினுக்காகச் செய்த அவ்வேலை, தன் கைவலியால் நாற்காலியை உருட்டிச் செல்பவருக்கு இன்று பயன்படுகிறது. 20 அடி தூரத்துக்கு 1 அடி உயரும் சரிவு அவருக்குப் பெரும்பாலும் இயலும். 12 அடிக்கு 1 அடி உயரும் சரிவோ, குறுகிய தூரத்துக்கு மட்டுமே பொருந்தும்.

அடுத்தது அகலமும் தளமும். எதிரெதிரே வருவோர் ஒதுங்கிச் செல்ல இடம் வேண்டும். தளம் இறுகியதாக இருத்தல் வேண்டும்; சரளைக்கல்லிற் சிறு சில்லுகள் புதையும். மழைநீர் வடிவதற்காகப் பாதையை ஒருபுறம் சாய்த்திருந்தால், அச்சாய்வு நாற்காலியை ஓயாது அப்புறமே இழுக்கும். நடப்பவர் அதனை உணர்வதேயில்லை.

புகையிரதப் பாதை தந்த நன்மையோடு ஒரு குறையும் தொடர்ந்து வந்தது. அது ஓரிடத்தில் உயர்ந்த அணையின் மேலும், வேறோரிடத்தில் ஆழ்ந்த வெட்டினுள்ளும் செல்வது. ஆகவே அயலிலுள்ள தெருவிலிருந்து பாதைக்குச் செல்லச் சிற்சில இடங்களிற் படியோ கடுஞ்சரிவோ குறுக்கிடும். பாதை எத்துணைச் சமமாயினும், அதனை அடைய இயலாதவருக்கு அதனாற் பயனில்லை.

மோட்டார் சைக்கிளைத் தடுக்க நடைபாதைகளின் வாயில்களில் இரும்புத் தடைகள் நிறுத்துவதுண்டு. அவை சக்கர நாற்காலியையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. பிரித்தானியா முழுவதும் பரந்துள்ள தேசிய துவிச்சக்கர வண்டிப் பாதைகளை 2018இல் ஆராய்ந்தபோது, 16,000க்கும் மேற்பட்ட தடைகள் காணப்பட்டன.

ஸ்டேபிள் ஹில் என்னுமிடத்தில் ஏறத்தாழ 470 மீற்றர் நீளமான சுரங்கம் ஒன்றுண்டு. உள்ளே விளக்குகள் உள்ளனவெனினும், வெயிலிலிருந்து சட்டென உள்ளே புகுபவரின் கண் தெளியச் சிறிது நேரம் செல்லும். கண்பார்வை குன்றியவருக்கு அந்நேரம் இன்னும் நீளும். பின்னால் விரைந்து வரும் வண்டியின் மணியோசை செவிப்புலன் குன்றியவரை எட்டாது. பாத் நகரின் அருகே புகையிரதப் பாதை முடிந்ததும், நகரின் நடுவை அடைய ஆற்றோரப் பாதையிற் செல்லவேண்டும். மதிப்பிடுபவர் அதனையும் அளந்தால்தான் அவர் வேலை நிறைவுறும்.

இங்கே சராசரிக் கணக்கு உதவாது. 21 கிலோமீற்றரில் 20 கிலோமீற்றர் செம்மையாயிருந்து, ஓரிடத்தில் மூன்று படிகள் இருந்தால், சக்கர நாற்காலிக்காரரின் பயணம் அங்கே முடிந்துவிடும். வந்த தூரம் முழுவதையும் அவர் களைத்த கைகளோடு திரும்ப உருட்ட வேண்டும். "எல்லோருக்கும் ஏற்றது" என்று பொதுவாக எழுதிய ஒரு வரியை நம்பி அவர் வந்திருப்பாராயின், அவரை வழியில் நிறுத்தியது படிகள் மட்டுமல்ல, அவ்வரியுமே. எனவே எவ்விடத்தில் எத்தனை படி, வாயிலின் அகலம் எவ்வளவு, இருக்கை எவ்வளவு தூரத்துக்கு ஒன்று, மலசலகூடம் எங்கே என உள்ளதை உள்ளபடி எழுதுதல் வேண்டும். போகலாமா, எதுவரை போகலாம் என்பதை அவரே தீர்மானிப்பார்.

இலங்கையிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லக்கூடிய கட்டடத்துக்கோ இடத்துக்கோ செல்ல வலுவிழந்தவருக்கும் உரிமையுண்டு என்கிறது. அவ்வுரிமை ஒரு வீதியில் நடைமுறைக்கு வந்துள்ளதா என்பதை அறிய, ஓர் அளவுநாடாவும், அவ்வழியே செல்லவேண்டியவரின் துணையும் வேண்டும். அவர் தடைப்பட்டு நிற்கும் இடத்திலிருந்தே திருத்த வேலையைத் தொடங்கலாம்.