சாட்சி சொல்லும் ரத்தம்!

காலையில் அவசர ஷேவிங். தாடையில் பிளேடு கீறிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் ரத்தம் தானாக நின்றும் விடுகிறது. உபயம்... ஃபைப்ரினோஜன்! ரத்தத்தில் மிதக்கும் ஒரு புரதம். காயம் பட்டால் நூல் நூலாகத் திரிந்து, வலை பின்னி, ஓட்டையை அடைத்துவிடும்.

அதே வலை இதயத்தின் ரத்தக் குழாய்க்குள் விழுந்தால்? மாரடைப்பு!

லண்டன் நார்த்விக் பார்க் ஆய்வில், 1970-களில் நாற்பது வயது தாண்டிய சுமார் 1,500 ஆண்களின் ரத்தத்தைச் சோதித்து, வருஷக்கணக்கில் கவனித்தார்கள். 1986-ல் ரிசல்ட் வெளியானது. ஃபைப்ரினோஜன் எகிறியிருந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம். கொலஸ்டிராலைவிட இது பலமாகவே துப்புக் கொடுத்தது!

உடனே லேபுக்கு ஓடாதீர்கள். பின்னால் வந்த மரபணு ஆய்வுகளில், ஃபைப்ரினோஜன்தான் குற்றவாளி என்று நிரூபணமாகவில்லை. அது வெறும் சாட்சி.

சரி, சாட்சி யாரைக் கைகாட்டுகிறது? டீக்கடை வாசலில் உங்கள் விரலிடுக்கில் புகைகிறதே, அந்த ஆசாமியையும்தான்! சிகரெட் பிடித்தால் ஃபைப்ரினோஜன் ஏறும். விட்டால் இறங்கும்.

விடுவதற்குச் செலவு பைசா இல்லை. வரவு... ஆயுசு!