தண்டவாளம் போன இடம்

யாழ்ப்பாணத்தில் கோச்சி, அதாவது ரயில், நின்றுபோனது 1990 ஜூன் 13ஆம் தேதி. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் மறுபடி சண்டை மூண்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இதற்கு முன்பும் கலவரம், ஊரடங்கு என்று வண்டி நின்றதுண்டு. நாலு நாளில் ஓடிவிடும் என்றுதான் சனம் நினைத்திருக்கும். அடுத்த வண்டி யாழ்ப்பாண நிலைய மேடைக்கு வந்தது 2014 அக்டோபர் 13இல்.

வடக்குக்கு ரயில் வந்த கதையே சற்று விசித்திரமானது. கொழும்பிலிருந்து பாதை வந்து சேருமுன்பே, 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. தெற்கோடு தொடர்பில்லாத ஒரு துண்டுப் பாதை. எஞ்சினும் இரும்பும் கடல் வழியாகத்தான் வந்து இறங்கியிருக்க முடியும். வன்னிக் காட்டையும் ஆனையிறவுப் பரவைக்கடலையும் தாண்டி இரண்டு முனையும் சேர்ந்தது 1905இல்.

அதன்பிறகு யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் வரவு செலவே இந்தப் பாதையில்தான் ஓடியது. கொழும்பில் கிளாக்கர் வேலை, ஊரில் வீடும் வளவும். வெள்ளிக்கிழமை இரவுத் தபால் வண்டியில் ஏறி விடியற்காலை வந்து இறங்குவார்கள். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மாம்பழமும் தெற்கே போயின; காங்கேசன்துறை ஆலையின் சீமெந்தும் போனது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி என்ற ரயில் ஓடத் தொடங்கியது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. வடக்கையும் தெற்கையும் சேர்க்க ஒரு வண்டி, பிரிக்க ஒரு சட்டம். அந்தக் காலத்தில் இந்தத் தடத்தில் ஓடிய டீசல் எஞ்சின்களில் சில, கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்தவை. கனடிய மாகாணங்களின் பெயரைத் தாங்கியவை. அந்த எஞ்சின்கள் இழுத்த பெட்டிகளில் ஊர் வந்துபோனவர்களின் பிள்ளைகள் பலர் பின்னாளில் அந்த மாகாணங்களிலேயே குடியேறினார்கள்.

பயணத்தில் பயம் ஏறியது 1977இல். அந்த ஆண்டுக் கலவரத்தில் அநுராதபுரம் நிலையத்தில் தமிழ்ப் பயணிகள் தாக்கப்பட்டார்கள். 1985 ஜனவரி 19இல் முறிகண்டி அருகே யாழ்தேவிக்குக் குண்டு வைக்கப்பட்டது. உள்ளே படையினரும் இருந்தார்கள், பொதுமக்களும் இருந்தார்கள்; இரு தரப்பிலும் உயிர் போனது. அதற்குப் பிறகும் ஐந்தாண்டு, நின்றும் ஓடியுமாக வண்டி வந்துகொண்டிருந்ததுதான் ஆச்சரியம்.

போர்க்கால ரயில் நிலையம் என்றால் குண்டு துளைத்த சுவரைத்தான் எல்லோரும் படம் பிடிப்பார்கள். யாழ்ப்பாண நிலையத்திலும் அது இருந்தது: கூரை போய், சுவரில் சன்னம் பாய்ந்த பொத்தல்கள், மேடையை மூடிப் பற்றை. இடம்பெயர்ந்த குடும்பங்கள் அங்கே அடுப்பு மூட்டின. ஆனால் என்னைக் கேட்டால், கட்டடத்தைவிடத் தண்டவாளத்துக்கு நேர்ந்ததுதான் பெரிய கதை.

பதுங்குகுழி வெட்டுவது யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கும் தெரிந்த வேலையாக இருந்தது. குழியைத் தோண்டி, மேலே பனங்குற்றியைக் குறுக்கே அடுக்கி, அதன்மேல் மண்மூட்டையைப் போடவேண்டும். பனங்குற்றி நாளடைவில் உளுத்துவிடும். இரும்பு உளுக்காது, ஷெல் விழுந்தாலும் தாங்கும். வண்டி ஓடாத பாதையில் இரும்பு சும்மா கிடந்தது. புலிகளும் கழற்றினார்கள், இராணுவமும் கழற்றியது. தண்டவாளம் காவலரண்களுக்குக் கூரையானது. சிலிப்பர் கட்டைகள் சுவராயின. ஓமந்தையிலிருந்து காங்கேசன்துறை வரை சுமார் 146 கிலோமீட்டர். சண்டை முடிந்தபோது, சல்லி மேடு மட்டும் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதைபோல நீண்டு கிடந்தது.

பாதை போனபின் மனிதர் எப்படிப் பயணித்தார்கள்? ஆனையிறவு அடைபட்டிருந்த ஆண்டுகளில், கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்தார்கள். நோயாளி, கர்ப்பிணி, பரீட்சைக்குப் போகும் மாணவர் எல்லோருக்கும் அதே படகுதான். கடற்படையின் சூட்டுக்கு அங்கே பலியானவர்கள் பலர். கோச்சியில் ஒரு பொழுதில் முடிகிற கொழும்புப் பயணம், படகும் உழவு இயந்திரமும் சைக்கிளும் மாறி மாறி, நாள்கணக்கில் இழுத்தது.

போருக்குப் பின் இந்தியக் கடனுதவியில், இர்கான் நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்டது. பாதையோரக் கண்ணிவெடிகளை அகற்றவேண்டியிருந்தது. 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று வண்டி படிப்படியாக ஏறிவந்தது. யாழ்ப்பாணத்துக்கு முதல் வண்டி வந்த நாளில் பாதையோரமெங்கும் சனம். இருபது வயது கடந்தும் கோச்சியைக் கண்ணால் கண்டிராதவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய.

அதற்கும் ஒரு விலை இருந்தது. பழைய வண்டிகளைவிடப் புதியவை வேகமாக வந்தன. கடவைகள் பலவற்றில் படலை இருக்கவில்லை. ஒரு தலைமுறைக்கு வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துப் பழக்கமில்லை. வடக்கில் கடவை விபத்துகள் அடுத்தடுத்து நடந்தன. காவலுக்கு நின்றவர்களோ சொற்ப நாட்கூலிக்கு நின்றார்கள்.

நிலையத்தைப் புத்தம் புதிதாகக் கட்டிவிட்டார்கள். இருக்கட்டும், பயணிக்கு வேண்டியது ஒழுகாத கூரையும் நேரத்துக்கு வரும் வண்டியும்தான். மரபுச் சின்னம் என்ற பெயரில் இடிபாட்டை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காவலரண்களை உடைத்தபோது வெளியே வந்த இரும்பில் இரண்டு துண்டு, ஒரு சிலிப்பர் கட்டை, இவற்றை மேடையின் ஓரத்தில் வைக்க அதிகம் செலவாகாது. அருகில் ஒரு பலகையில் மூன்று மொழியிலும் எழுதலாம்: எந்த ஆண்டு போட்டது, எந்த ஆண்டு கழற்றியது, யார் யார் கழற்றினார்கள். கடைசிக் கேள்விக்கான பதிலை எழுதுவதில்தான் இழுபறி வரும்.