பொதியும் விதியும்

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு ஒரு பொதியைக் கொண்டு சேர்ப்பது பார்வைக்கு மிக எளிய தொழில். பொதியை ஏற்க வேண்டும். அதன் மேலுள்ள விலாசத்தை வாசிக்க வேண்டும். உரிய வண்டியில் ஏற்ற வேண்டும். உரியவர் கையில் ஒப்படைக்க வேண்டும். ஆயினும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான பொதிகள் வந்து குவியுமிடத்து, இவ்வெளிய தொழில் விதிகளின்றி நடவாது. எவர் எப்போது வேலைக்கு வருவது, வண்டி எவ்வழியாற் செல்வது, கூலியை எவ்வாறு கணிப்பது என்பவற்றையெல்லாம் நிர்வாகம் முன்கூட்டியே வகுத்தாக வேண்டும். அவ்வாறு வகுத்த விதியே சில வேளைகளில் தொழிலுக்குத் தடையாகி விடுகின்றது. இது எவ்வாறு நேர்கின்றது என்பதைப் பொதித் தொழிலின் வரலாற்றிலுள்ள மூன்று நிகழ்ச்சிகள் தெளிவாகக் காட்டுகின்றன.

முதலாவது நிகழ்ச்சி இங்கிலாந்தில் நடந்தது. அந்நாட்டுத் தபாற் பகுதி 1883 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 1 ஆந் திகதி பொதித் தபாற் சேவையைத் தொடங்கியது. இதற்கு வழி செய்த 1882 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. புகையிரதத்திற் செல்லும் பொதிகளுக்கு அறவிடப்படும் தபாற் கட்டணத்தில் நூற்றுக்கு 55 பங்கு புகையிரதக் கம்பனிகளைச் சேரும் என்பதே அது. பொதி பத்து மைல் சென்றாலும் பங்கு அதுவே. இருநூறு மைல் சென்றாலும் பங்கு அதுவே. ஏற்றிச் செல்லும் தூரத்துக்கும் வேலைக்கும் ஏற்பக் கூலி கணிக்கப்படவில்லை.

இதன் விளைவு விசித்திரமானது. இலண்டனுக்கும் பிரைற்றனுக்கும் இடையில் 1841 ஆம் ஆண்டிலேயே புகையிரதப் பாதை திறக்கப்பட்டிருந்தது. அதன் பின் நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1887 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தபாற் பகுதி அதே இரண்டு ஊர்களுக்குமிடையில் குதிரை வண்டியிற் பொதிகளை அனுப்பத் தொடங்கியது! இருப்புப் பாதை பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்க, நான்கு குதிரைகள் பூட்டிய வண்டி இரவு முழுவதும் ஐம்பது மைலுக்கு மேற்பட்ட வீதியிற் பயணம் செய்தது. பொதி வீதி வழியாகச் சென்றால் புகையிரதக் கம்பனிக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. கட்டணத்திற் பாதிக்கு மேல் மிச்சம். குதிரை, சாரதி, காவலாளி என்ற செலவெல்லாம் போகவும் அதுவே இலாபமாயிருந்தது. வேறு சில ஊர்களுக்கும் இத்தகைய வண்டிகள் ஓடின. பிரைற்றன் வீதியில் 1905 ஆம் ஆண்டில் மோட்டார் வண்டி வரும் வரையில் இவ்வேற்பாடு நீடித்தது.

தபாற் பகுதியின் அதிகாரிகள் அறிவிலிகள் அல்லர். அவர்கள் முன்னிருந்த விதியை வைத்துக் கணக்குப் பார்த்தால் அவர்கள் செய்தது சரியே. விதி பிழையாக இருக்கும்போது, அதன்படி ஒழுங்காக நடப்பவரும் பிழையான இடத்துக்கே சென்று சேருவர்.

இரண்டாவது நிகழ்ச்சி ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்தது. பெடரல் எக்ஸ்பிரஸ் என்னும் தாபனம் 1973 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 17 ஆந் திகதி இரவு மெம்பிஸ் நகரிலிருந்து தன் சேவையை ஆரம்பித்தது. பதினான்கு சிறிய விமானங்கள், 25 நகரங்கள், அன்றிரவு அனுப்பிய பொதிகள் 186. இத்தாபனத்தின் முறை புதுமையானது. ஒவ்வொரு நகரிலும் மாலையிற் சேர்ந்த பொதிகள் யாவும் விமானமேறி இரவில் மெம்பிசுக்கு வரும். அங்கு அவற்றை நகரவாரியாகப் பிரித்து, மீண்டும் விமானத்தில் ஏற்றி, விடியுமுன் அனுப்பிவிட வேண்டும். பிரிக்கும் வேலை சற்றுத் தாமதித்தால் எல்லா விமானங்களும் தாமதிக்கும். மறுநாட் காலையிற் பொதி வந்து சேரும் என்று வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்குப் பொய்த்துவிடும்.

இவ்வளவு முக்கியமான அவ்விரவு வேலை உரிய நேரத்தில் முடிவதாக இல்லை. நிர்வாகத்தினர் நயமாகச் சொல்லிப் பார்த்தனர். தமக்குத் தெரிந்த வேறு உபாயங்களையும் செய்து பார்த்தனர். பயன் விளையவில்லை. இறுதியில் ஒருவர் கூலி விதியை எடுத்துப் பார்த்தார். தொழிலாளருக்கு மணித்தியாலக் கணக்கிற் கூலி கொடுக்கப்பட்டு வந்தது. நான்கு மணித்தியாலத்தில் முடித்தால் நான்கு மணித்தியாலக் கூலி; ஆறு மணித்தியாலம் எடுத்தால் ஆறு மணித்தியாலக் கூலி. விரைந்து வேலை செய்பவனுக்கு விதி வழங்கிய பரிசு குறைந்த கூலி! விதியை மாற்றினார்கள். ஓரிரவு வேலைக்கு இவ்வளவு கூலி. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நெடுநாட் சிக்கல் தீர்ந்தது. அமெரிக்க முதலீட்டாளரான சார்லி மங்கர் 1995 ஆம் ஆண்டில் ஹார்வட் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரையில் இதனை எடுத்துக்காட்டிய பின்னர், நிர்வாக இயல் பயில்வோரிடையே இக்கதை பரவலாயிற்று.

இதிலுள்ள உண்மை வயல் வேலை அறிந்த எவருக்கும் புதிதன்று. நாட்கூலிக்கு அருவி வெட்டுவதற்கும் கொந்தராத்துக்கு வெட்டுவதற்கும் உள்ள வேற்றுமையைக் கமக்காரன் நன்கறிவான். எனினும் பெரிய தாபனங்களில் விதியை எழுதுபவர் ஓரிடத்திலும் வேலை செய்பவர் வேறிடத்திலும் இருப்பதால், கமக்காரன் கண்ணாற் காண்பதை நிர்வாகி காண்பதில்லை. தாமதம் நேர்ந்தால் தொழிலாளி சோம்பேறி என்று தீர்ப்புக் கூறுவது அவருக்கு இலகுவாகின்றது. மெம்பிசில் வேலையாட்கள் மாறவில்லை. மாறியது விதி ஒன்றே.

மூன்றாவது எடுத்துக்காட்டு யுனைற்றெட் பார்சல் சேர்விஸ் என்னும் பழைய தாபனம். பத்தொன்பது வயது இளைஞரான ஜேம்ஸ் கேசி 1907 ஆம் ஆண்டில் சியாற்றில் நகரில் நூறு டாலர் கடன் பெற்று, ஒரு நண்பருடன் தொடங்கிய தொழில் இது. வேலையின் ஒவ்வோர் அசைவையும் அளந்து விதி வகுப்பதிற் பேர்பெற்றது. சாரதி வண்டியில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பொதியைத் தூக்குவதற்கும் என 340 முறைகளை வகுத்து வைத்திருப்பதாகக் கூறப்படும். இயன்றவரை இடப்புறம் திரும்பாதே என்பதும் அதன் விதிகளுள் ஒன்று. வீதியின் வலப்புறமாக வாகனம் செல்லும் அந்நாட்டில் இடப்புறம் திரும்புவோர் எதிரே வரும் வாகனங்களுக்காகக் காத்து நிற்க வேண்டும், நேரமும் எரிபொருளும் வீணாகும், விபத்தும் நேரக்கூடும். இலங்கையில் இதே விதியை எழுதுவதானால் வலப்புறம் திரும்பாதே என்றுதான் எழுத வேண்டும். காரணத்தை அறியாது விதியை மாத்திரம் இரவல் வாங்குவோர் எங்கே சென்று முட்டுவர் என்பதற்கு இதுவே போதிய சான்று.

இத்தாபனம் 2012 ஆம் ஆண்டு முதல் 2016 ஆம் ஆண்டு வரையில், சாரதியின் பாதையைக் கணனி கொண்டு வகுக்கும் ஓராயன் என்ற திட்டத்தை அமெரிக்கா முழுவதும் நடைமுறைப்படுத்தியது. ஒரு சாரதி நாளொன்றுக்கு 120 இடங்களில் நிற்பதாகக் கொண்டால், அவ்விடங்களை வரிசைப்படுத்தக்கூடிய வழிகளின் தொகை 199 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணாகும். மனித மூளை எண்ணித் தீர்க்க முடியாத கணக்கு அது. ஆயினும் மிகக் குறுகிய பாதையை மாத்திரம் தேடினாற் போதாது என்பது திட்டத்தை அமைத்தவர்களுக்குத் தெரியவந்தது. நாளுக்கு நாள் மாறும் பாதை சாரதியின் பழக்கத்தைக் குலைத்தது. வழக்கமான வேளையிற் பொதியை எதிர்பார்க்கும் வாடிக்கையாளருக்கும் அது உவப்பாயில்லை. ஆகவே குறுகிய பாதையுடன் நிலையான ஒழுங்கும் அக்கணிதத்திற் சேர்க்கப்பட்டது. வீதியில் நின்றவரின் அனுபவம் கணக்கினுள் இடம்பெற்ற பின்னரே கணக்கு முழுமை பெற்றது.

இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் ஒரு பொதுத் தன்மை காணப்படும். கட்டணப் பங்கு, மணித்தியாலம், மைல் ஆகியவை எண்ணுவதற்கு எளியவை. எண்ணுவதற்கு எளிது என்பதனாலேயே அவை விதிக்கு அடிப்படையாயின. ஆனால் பொதியை அனுப்பியவர் விரும்புவது வேறு: பொதி உரிய காலத்தில், சேதமின்றி, உரியவர் கையிற் சேர வேண்டும். விதி எதை அளக்கின்றதோ அதையே வேலையாட்கள் செய்வர். கதவைத் தட்டிய தொகைக்கு மதிப்பளித்தால் கதவுகள் தட்டப்படும். பொதிகள் திரும்பி வரும். வேகத்துக்கு மாத்திரம் மதிப்பளித்தால் பொதிகள் எறியப்படும்; தூக்குபவன் முதுகும் முறியும். ஊசி போகும் வழியைக் காவல் செய்து உலக்கை போகும் வழியைத் திறந்துவிட்டவன் நிலை அது.

எனவே விதி ஒன்றை எழுத முனைவோர், அல்லது நெடுங்காலமாக இருந்துவரும் விதியைக் காப்போர், சில கேள்விகளைக் கேட்டுப் பார்த்தல் நன்று. இவ்விதி எந்த நோக்கத்துக்காக ஏற்பட்டது? அந்த நோக்கம் இன்றும் உள்ளதா? இதன்படி ஒழுங்காக நடப்பவனுக்கு நன்மை கிடைக்கின்றதா, நட்டம் கிடைக்கின்றதா? இறுதியாக, இவ்வேலையைத் தினமும் செய்பவனிடம் இதைப் பற்றி எவராவது விசாரித்ததுண்டா? கடைசிக் கேள்விக்குச் செலவு எதுவும் இல்லை. மெம்பிஸ் நகரில் இரவுதோறும் பொதி பிரித்த எந்தத் தொழிலாளியும் தன் கூலி எவ்வாறு கணிக்கப்பட்டது என்பதை ஒரு நிமிடத்தில் எடுத்துச் சொல்லியிருப்பான்.