ட்ரையர் சூட்டைத் தானே பழகிக்கொள்ளும் பெட்டி

பிள்ளைகளோடு சீகிரியா டூர் போனவர்கள் குன்றின் அடியில் நீரூற்றுகளைப் பார்த்திருப்பீர்கள். காசியப்ப மன்னன் (கி.பி. 477–495) காலத்தவை. துளையிட்ட கல் வழியே இன்றும் மழைக்காலத்தில் தண்ணீர் பீறிடும். ஆனால் எவ்வளவு உயரம் என்று பார்த்துத் திருத்த அங்கே எதுவும் இல்லை. தண்ணீர் இருந்தால் வரும், வற்றினால் நின்றுபோகும்.

நம்ம பெக்டரி ட்ரையரை அப்படி விட முடியாது. உள்ளே போகும் காற்று ஏறக்குறைய 200 டிகிரி பாரன்ஹீட்டில் இருக்கவேண்டும். கூடிப்போனால் தூளின் மேற்பக்கம் இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடும். குறைந்தால் நொதிப்பு நிற்காமல் தொடர்ந்து, தேநீர் சப்பென்று ஆகிவிடும். மலையில் நாள் முழுக்க எடுத்த கொழுந்து, ஏலத்தில் விலை இறங்கிப் போவது இந்த இடத்தில்தான்.

முன்பெல்லாம் தெர்மாமீட்டரைப் பார்த்து ட்ரையர்காரர் சரிசெய்வார். இப்போது பல இடங்களில் அந்த வேலையை டெம்பரேச்சர் கன்ட்ரோலர் என்ற சிறு பெட்டி செய்கிறது. அது மூன்று விஷயம் பார்க்கும். இப்ப சூடு எவ்வளவு குறை? அந்தக் குறை எவ்வளவு நேரமாகத் தீராமல் கிடக்கிறது? சூடு எவ்வளவு வேகமாக ஏறுது, இறங்குது? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். தப்பாக வைத்தால் சூடு ஊஞ்சலாடும், இல்லாவிட்டால் நத்தை மாதிரி ஏறும்.

அந்த மதிப்புகளைக் கணக்கிட ஸீக்லர், நிக்கல்ஸ் என்ற இருவர் 1942இல் ஒரு வழி சொன்னார்கள். பெட்டியே தனக்குத்தானே கணக்குப் பார்க்கும் எளிய முறையை 1984இல் சுவீடனின் ஆஸ்ட்ரோமும் ஹெக்லுண்டும் எழுதினார்கள். ஆட்டோ டியூனிங் என்பது இதுதான். பட்டனை அழுத்தியதும் பெட்டி சூட்டை முழுதாகத் திறக்கும், குறித்த அளவைத் தாண்டியதும் மூடும், இறங்கினால் மறுபடி திறக்கும். சூடு எவ்வளவு மேலே கீழே போகுது, ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிஷம் என்று அளக்கும். ஒரு பேச்சுக்கு, சுற்று 6 நிமிஷம் என்றால், ஸீக்லர் கணக்குப்படி இரண்டாவது விஷயத்துக்கு 3 நிமிஷம், மூன்றாவதுக்கு 45 செக்கன். ஆட்டம் சிறிதாக இருந்தால் முதல் விஷயத்துக்கு மதிப்பைக் கூட்டும்.

புதிய புது வீட்டு அடுப்பைப் பெண்கள் இரண்டு நாள் சமைத்துப் பழகுவது மாதிரித்தான் இது.

இந்த நேரத்தில் சூடு வேண்டுமென்றே ஏறி இறங்கும். அதைப் பார்த்துப் பயந்து கதவைத் திறப்பதும், நடுவில் விறகை அள்ளிப் போடுவதும் கணக்கைக் கெடுத்துவிடும். வெறும் ட்ரையரில் செய்தாலும் சரிவராது, ஈரத்தூள் குடிக்கும் சூடு வேறு. நல்ல தூள் கருகிவிடுமோ என்று யோசித்தால், சில பெட்டிகளில் குறித்த சூட்டுக்குச் சற்றுக் கீழேயே சோதிக்க வழியுண்டு.

விறகைக் கையால் போடும் அடுப்பில் பெட்டியால் விறகைக் குறைக்க முடியாது. அதற்குக் காற்றுமூடியோ நீராவி வால்வோ வேண்டும். சூடு அளக்கும் குச்சியில் தேயிலைப் பஞ்சு அப்பிக் கிடந்தால் எத்தனை தடவை டியூன் பண்ணினாலும் பலனில்லை. முதலில் அதைத் துடையுங்கள்.